வடிவு பேசின ஒரு நிமிஷம்

மன்னிச்சுக்கங்கம்மா. உங்க போனை எட்டிப் பாக்கணும்னு பாக்கலை. பக்கத்து சீட்டு, கண்ணு போயிடுச்சு. திரையில பாப்பா வாயைத் தெறந்தபடியே நின்னுட்டாளே, அதான். ஒண்ணும் பதறாதீங்க. மணியாச்சி தாண்டினா டவர் சரியா இருக்காது. கோவில்பட்டி கிட்ட வந்ததும் தானா ஓட ஆரம்பிச்சிடும்.

உங்களுக்கு இது சின்ன விஷயம். படம் நிக்குது, அப்புறம் ஓடுது. எனக்கு அப்படி இல்லை. இந்தப் படம் ஏன் நிக்குதுன்னு உலகம் பூரா போய் சண்டை போட்டவன் நான். சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்.

எம்பேரு சங்கரநாராயணன். சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கேன். தனியா எதையும் எறக்காம, பிரவுசர்லயே ஆளுக்கு ஆள் முகம் பாத்துப் பேசுறோமே, அதுக்கு சாஃப்ட்வேர் எழுதுற கம்பெனி.

இப்ப உங்க முகத்தை அப்படியே அனுப்பினா இந்த டவர் தாங்காது. சுருக்கணும். ஜமுக்காளத்தை மடிச்சு வண்டியில ஏத்துற மாதிரி. அந்தப் பக்கம் எறக்கி விரிக்கணும். அந்த மடிக்கிற கணக்குக்குப் பேருதான் கோடெக். நீங்க ஒரு கணக்குல மடிச்சு அவங்க வேற கணக்குல விரிச்சா கறுப்புத் திரைதான் வரும். அதனால, எந்த பிரவுசரா இருந்தாலும் இந்தக் கணக்கு கட்டாயம் இருக்கணும்னு ஒண்ணை முடிவு பண்ணணும். எதுன்னுதான் சண்டை. ஈமெயில்ல வருஷக்கணக்கா அடிச்சுக்கிட்டோம். நடு நடுவுல ஏதாவது ஒரு நாட்டுல பெரிய ஓட்டல்ல கூடி, நேர்லயும் அடிச்சுக்கிட்டோம்.

ரெண்டு கட்சி. ஒரு கோடெக்குக்கு உரிமைத்தொகை கட்டணும், ஆனா அதுக்குன்னு சில்லு, சிப்புன்னு சொல்றோமே, அது ஏற்கெனவே எல்லா போன்லயும் இருந்துச்சு. இன்னொண்ணு இலவசம், ஆனா அதுக்கு சில்லு இல்லை, போனே மூச்சு முட்டக் கணக்குப் போடணும். பத்து நிமிஷத்துல தோசைக்கல்லு மாதிரி சுடும், படம் தெறிச்சுத் தெறிச்சு வரும். நான் சில்லுக் கட்சி. எதிர்க்கட்சிக்கு ஒரு பொம்பளை, பெட்ரான்னு பேரு. நல்லாப் படிச்சவ. ‘இன்டர்நெட்டுல பேசுறதுக்கு யாரும் யாருக்கும் கப்பம் கட்டக் கூடாது’ம்பா. கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா என் பக்கம் ஒரு நியாயம் இருந்துச்சும்மா. அவங்க யார்கிட்டயும் இல்லாத நியாயம்.

என் தங்கச்சி.

வடிவு. ரெண்டு வயசுல மூளைக்காய்ச்சல் வந்து காது போயிடுச்சு. காது போனதும் பேச்சும் வரலை. ஆனா கெட்டிக்காரி. தென்காசிப் பக்கம் காது கேக்காத பிள்ளைங்க படிக்கிற பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் ஆனா. புருஷனும் அப்படித்தான். கைலாசம்னு பேரு, அச்சாபீஸ்ல வேலை. ஒரே பொண்ணு, கோமதி. கோமுன்னுதான் கூப்பிடுவோம். அவளுக்கு எல்லாம் நல்லாக் கேக்கும். அம்மா அப்பா கைப்பேச்சையும் பேசுவா, நம்ம பேச்சையும் பேசுவா.

எனக்கா? எனக்கும் வடிவுக்கும் எல்லாம் புரியும். கூடப்பொறந்தவளாச்சே. சாப்பாடுன்னா இப்படி. தூக்கம்னா இப்படி. அப்பா வர்றார்னா மீசையை முறுக்குற மாதிரி. சின்ன வயசுல இருந்து அதுலயே ஓட்டிட்டோம். பெரிய விஷயம்னா கோமு பக்கத்துல நின்னு சொல்லிடுவா. அதை விடுங்க.

கோடெக் என்ன பண்ணும்னா, அசையாததை மறுபடி அனுப்பாது. செவுரு, நாற்காலி, காலண்டர், எல்லாத்தையும் ஒரு தடவை அனுப்பிட்டு விட்டுடும். அசையறதை மட்டும்தான் அனுப்பும். டவர் கம்மியானா மொதல்ல எது மங்கும்? அசையறதுதான். நம்மளுக்குப் பரவாயில்லை, குரல் வருது, சமாளிச்சிக்கலாம். கையாலயே பேசுறவங்களுக்கு? செவுரு பளிச்சுனு தெரியும், கை மட்டும் புகை மாதிரி போகும். இதை நான் கூட்டத்துல சொன்னப்ப, என்னை அதுவரைக்கும் ‘காசுக்கட்சிக்காரன்’னு பேசினவங்க எல்லாம் தலையைக் குனிஞ்சாங்க.

அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. வெறும் வாயில சொன்னா எப்படி? வடிவையே காட்டுவோமேன்னு.

அடுத்த கூட்டத்துல ஏற்பாடு பண்ணினேன். நான் அங்க ஓட்டல்ல, அவ இங்க பள்ளிக்கூடத்துல. கைலாசம் மாப்ளை போனைப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். அவ ஒரு நிமிஷம் பேசணும். வேணும்னே அந்த இலவசக் கோடெக்கைத்தான் வெச்சேன். அவகிட்ட இருந்ததுலயே பழைய போனை எடுக்கச் சொன்னேன். கை நல்லா மங்கினாத்தானே நமக்கு சாட்சி? வாட்ஸப்புல எழுதினேன், ‘என்ன வேணாப் பேசு, ஒரு நிமிஷம் கையை அசைச்சாப் போதும்’னு.

அவ என்ன பண்ணினான்னா, பட்டுப்புடவை கட்டிட்டு வந்து நின்னாம்மா. தலைநெறையப் பூ. பின்னாடி அவ பள்ளிக்கூடத்து டீச்சர்கள் வரிசையா. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஹால்ல செவுரு அளவுக்குத் திரை. அதுல என் தங்கச்சி. பேச ஆரம்பிச்சா. நான் நெனச்ச மாதிரியே ஆச்சு. முகம் தெரியுது, பூ தெரியுது, கை மட்டும் கரைஞ்சு கரைஞ்சு போகுது. ஹால்ல உச்சுக்கொட்டுறாங்க.

‘என்ன சொல்றாங்க’ன்னு கூட்டத் தலைவர் கேட்டார். நம்ம ஊர் கைப்பேச்சு அங்க யாருக்கும் தெரியாது. நான்தான் மைக்கைப் பிடிச்சேன். ‘எங்க கையை மங்க விடாதீங்கன்னு கேக்குறா’ன்னு சொன்னேன். அவ்வளவுதான், எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. திரையில வடிவு அதைப் பாத்தா. கையை மெதுவா எறக்கிட்டு, புடவைத் தலைப்பைச் சரிபண்ணிக்கிட்டா.

இந்தப் பெட்ரா இருக்காளே, கை தட்டி முடிஞ்சதும் எழுந்தா. ‘மிஸ்டர் நாராயணன், அவங்க ரொம்ப நேரம் பேசின மாதிரி இருந்துச்சு. நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்களே. மீதியையும் சொல்ல முடியுமா?’ன்னா.

நீங்களே சொல்லுங்கம்மா, இது கேக்குற கேள்வியா? படமே மங்கலா இருக்கு, அதை நிரூபிக்கத்தான் காட்டினேன், அதுல மீதி எங்கேன்னு கேட்டா? ‘உங்க கோடெக் எனக்குக் காட்டினது அவ்வளவுதான் மேடம்’னேன். மறுபடியும் கை தட்டல். அவ மூஞ்சி செத்துப்போச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தப் பதிலைப் பத்திப் பேசுறவங்க இருக்காங்க.

அங்க ஓட்டுப் போடுறது கிடையாது தெரியுமா. தலைவர் கேப்பார், ‘இது வேணுங்கறவங்க முனகுங்க’ம்பார். ம்ம்ம்னு முனகணும். எது பெரிய முனகலோ அதுக்குத்தான் மரியாதை. அன்னைக்கும் முனகினோம். நான் அடிவயித்துல இருந்து முனகினேன். அவங்க கட்சியும் முனகுச்சு. ரெண்டும் ஒரே அளவுன்னுட்டார். வடிவு லைன்ல இருந்தா, அதையும் பாத்துக்கிட்டே இருந்திருக்கா. ஊருக்குப் போனப்ப கோமு மூலமாக் கேட்டா, ‘கடைசியில எல்லாரும் ஏன் வாயை மூடிக்கிட்டு சாமி கும்பிடுற மாதிரி உக்காந்திருந்தீங்க’ன்னு. விழுந்து விழுந்து சிரிச்சோம்.

கடைசியில எப்படி முடிஞ்சுதுன்னா, ரெண்டையும் வெச்சுக்கங்கன்னு முடிஞ்சுது. எல்லா பிரவுசர்லயும் ரெண்டு கோடெக்கும் கட்டாயம். இத்தனை வருஷச் சண்டைக்கு இதான் தீர்ப்பு. ரெண்டு கட்சியும் ஜெயிச்சோம்னு சொல்லிக்கிட்டோம். எனக்கு மட்டும் மனசு ஆறலை. அன்னைக்கே என் பேச்சைக் கேட்டிருந்தா எவ்வளவோ ஆகியிருக்கும். எவ்வளவோ.

போன வருஷம் ஒரு ஞாயித்துக்கெழமை மத்தியானம் வடிவு வீடியோ கால்ல கூப்பிட்டா. கோமு பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டா, பக்கத்துல யாரும் இல்லை. வடிவு அப்படித்தான், ஆள் இல்லாட்டியும் கூப்பிடுவா. பேசுவா. நான் தலையை ஆட்டுவேன். அவளுக்கு அதுவே போதும். அன்னைக்கும் பேசினா. நெத்தியில கையை வெச்சு வெச்சு ஏதோ காட்டினா. வெயிலைச் சொல்றான்னு நெனச்சேன். இங்கயும் அப்படித்தான்னு ஃபேனைக் காட்டினேன். அவ மறுபடியும் நெத்தியில கையை வெச்சா. படம் நிக்குது, ஓடுது, நிக்குது. சரி சரின்னு தலையை ஆட்டினேன். அவளும் தலையை ஆட்டினா. வெச்சுட்டா.

அந்த வாரமே வகுப்புல, போர்டுல எழுதிக்கிட்டிருந்தவ அப்படியே சாஞ்சுட்டா. மூளையில ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சுன்னாங்க. ஆஸ்பத்திரி கொண்டுபோறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

எழுதியிருக்கலாம்லம்மா? தலைவலின்னா தலைவலின்னு வாட்ஸப்புல ஒரு வரி? அவளுக்கு எழுதத் தெரியாதா என்ன? எனக்கு அதுதான் ஆறலை. மாப்ளைக்குத் தலைவலின்னு தெரிஞ்சிருக்கு, மாத்திரை வாங்கிக் குடுத்திருக்கார், யாரும் அதைப் பெருசா எடுத்துக்கலை. அப்படின்னா அன்னைக்கு எங்கிட்ட அதைத்தான் சொன்னாளா, வேற ஏதாவதா? அந்த வீடியோ காலை நான் பதிவு பண்ணி வைக்கலை. பண்ணியிருந்தா ஒவ்வொரு ஃப்ரேமா எடுத்துப் பாத்திருப்பேன்.

அதுக்கப்புறம்தான் இந்தத் தொல்லை ஆரம்பிச்சுது. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, நீங்க யாரோ நான் யாரோ. என் வீட்டுக்காரிகிட்டகூட சொல்லலை.

ஆபீஸ் வீடியோ கால்ல நம்ம படம் நமக்கே ஒரு மூலையில சின்னப் பெட்டியில தெரியும்ல? நான் ரெண்டு கையையும் மேசைமேல வெச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேன். அந்தப் பெட்டியில கை அசையும். என் சட்டைதான், என் முகம்தான். கை மட்டும் மேல போகும். நெத்திக்குப் போகும், எறங்கும். மறுபடி போகும். பட்டப்பகல்ல, சுத்தி அத்தனை பேர் உக்காந்திருக்கையில.

மொதல்ல பழைய ஃப்ரேம் சிக்கிக்கிட்டு வருதுன்னு நெனச்சேன். அப்படி ஆகும், எங்க தொழில்ல அதுக்குக் காரணம் சொல்லலாம். என்ன நடந்துச்சுன்னு கம்ப்யூட்டர் குறிச்சு வைக்கிற லாகை எடுத்துப் பாத்தேன். ஒண்ணும் இல்லை. கேமராவை மாத்தினேன். லேப்டாப்பை மாத்தினேன். இப்ப அந்த மூலையில மஞ்சக் காகிதம் ஒட்டி வெச்சிருக்கேன். பசங்க கேட்டா, ‘என் மூஞ்சியை நானே பாக்கப் பிடிக்கலைப்பா’ன்னு சொல்லிச் சிரிச்சுடுவேன். ஆனா காகிதத்துக்குப் பின்னாடி அது நடந்துக்கிட்டிருக்குன்னு எனக்குத் தெரியும்.

சரி, அந்த ஓட்டல் கூட்டத்துல அவ பேசின ஒரு நிமிஷம் இருக்கே, அது மட்டும்தான் வடிவு பேசி எங்கிட்ட மிச்சம் இருக்கிறது. அந்தக் கூட்டமெல்லாம் பதிவு பண்ணி பொதுவுல போட்டிருப்பாங்க. அதை எடுத்தேன். மங்கல்னா அப்படி ஒரு மங்கல். விரலே இல்லை, வெறும் கட்டம் கட்டமா. அதைத் தெளிவாக்கலாம்னு உக்காந்தேன். ஒவ்வொரு ஃப்ரேமா. முன்னாடி ஃப்ரேம்ல இருந்து கொஞ்சம், பின்னாடி ஃப்ரேம்ல இருந்து கொஞ்சம். லீவு போட்டேன். சனி ஞாயிறெல்லாம் அதுதான். கைப்பேச்சுக்கு எங்கயோ வகுப்பு நடக்குது, அதுக்குப் போயேன்னா வீட்டுக்காரி. அவளுக்கு என்ன தெரியும்? படமே தெளிவா இல்லாம பாஷையைக் கத்துக்கிட்டு என்ன பண்ண?

வருஷம் முடியறதுக்குள்ள கொண்டுவந்துட்டேன். அஞ்சு விரலும் தனித்தனியாத் தெரிஞ்சுது. மோதிரம் தெரிஞ்சுது.

நேத்து அவளுக்கு வருஷ நெனவு நாள். பள்ளிக்கூடத்து ஹால்ல வெச்சாங்க. நான் அந்தப் படத்தைக் கொண்டுபோனேன், பெரிய திரையில போட்டேன். அங்க இருந்த அத்தனை பேரும் காது கேக்காதவங்க. பிள்ளைங்க, டீச்சர்கள், பழைய மாணவர்கள், மாப்ளையோட சிநேகிதர்கள். ஹால் பூரா கை ஆடிக்கிட்டிருந்துச்சு, வடிவு திரையில வந்ததும் எல்லாம் நின்னுபோச்சு. அவ பேசி முடிச்சா. யாரும் திரையைப் பாக்கலை அப்புறம். எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க.

கோபமா பாத்தாங்களான்னா, இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.

நான் கோமுவைக் கூப்பிட்டு, ‘எப்படிட்டி இருக்கு? ஒவ்வொரு ஃப்ரேமா சுத்தம் பண்ணினேன்’னேன்.

‘நல்லா இருக்கு மாமா’ன்னா. அப்புறம் கேட்டா, ‘அம்மா என்ன சொல்லுதான்னு தெரியுமா?’

‘கை மங்கக் கூடாதுங்கறா.’

‘இல்ல மாமா.’ அவ ஹாலுக்கு முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு, மெதுவாச் சொன்னா. ‘எல்லாருக்கும் வணக்கம்னு ஆரம்பிக்கா. எம்பேரு வடிவு, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் குடுக்கேங்கா. நாங்க நாலஞ்சு பேரு சேந்து பேசும்போது, யாரு சத்தம் போடுதாங்களோ அவங்க படத்தைத்தான் இது பெருசாக் காட்டுது. ஒருத்தி இருமுனா அவ பெருசாயிருதா. பேசிக்கிட்டு இருக்கவ மூலையில கெடக்கா. நாங்க சத்தம் போடமாட்டோம்லா? அதை மாத்திக் குடுங்கங்கா.’

மூலைன்னு அவ சொன்னதும் எனக்கு அந்த மஞ்சக் காகிதம்தான் ஞாபகம் வந்துச்சும்மா. அந்தப் பெட்டி விஷயத்தை நான் அவகிட்ட சொன்னதே கிடையாது.

‘அவ்வளவுதானா?’ன்னேன்.

‘எங்க அண்ணன் நல்லவன்ங்கா. ஆனா அவனுக்கு எங்க பேச்சு தெரியாதுங்கா. நான் சொல்லுதது புரிஞ்சவங்க யாராவது அங்க இருந்தா, கையைத் தூக்குங்கங்கா.’

‘இதை எப்பட்டி கண்டுபிடிச்சே? நான் சுத்தம் பண்ணினதுலயா?’ன்னேன்.

‘அன்னைக்கே தெரியும் மாமா. பழைய படத்துலயே தெரிஞ்சுதே. நானும் அப்பாவும் போனுக்கு இந்தப் பக்கம்தானே நின்னோம்.’

‘அப்ப ஏன் சொல்லலை?’

‘அம்மாதான் சொல்ல வேண்டாம்னா. அண்ணனுக்கு எல்லாரும் கை தட்டுதாங்க, சந்தோஷமா இருக்கான், விட்டுருன்னா.’

இதுல எனக்கு ரெண்டு விஷயம் ஒத்துக்க முடியலைம்மா. ஒண்ணு, அந்த மங்கல்ல ஒருத்தர் அவ்வளவையும் படிச்சிருக்க முடியாது. நான் தொழில்காரன், எனக்குத் தெரியும். பக்கத்துல நின்னு பாத்ததை அவ சொல்றா. ரெண்டாவது, யார் படத்தைப் பெருசாக் காட்டணும்ங்கிறது கோடெக் விஷயமே இல்லை. அதுக்கு வேற கமிட்டி இருக்கு. எங்ககிட்ட வந்து அதைக் கேட்டா நாங்க என்ன பண்ணியிருக்க முடியும்? எனக்கே அன்னைக்குப் புரிஞ்சிருந்தாலும், மைக்குல சொல்லியிருக்க முடியுமா? தலைவர் தள்ளுபடி பண்ணியிருப்பார். இதைக் கோமுகிட்ட சொன்னேன். ‘சரி மாமா’ன்னா. தலையை ஆட்டினா. அவ அம்மா மாதிரியே ஆட்டினா.

இன்னைக்குக் காலையில மாப்ளை ஜங்ஷனுக்கு வந்திருந்தார், வண்டி ஏத்திவிட. கோமு வரலை. அவர் ஒத்தையாத்தான் வந்தார். நான் இந்த சீட்டுல உக்காந்துட்டேன், கதவும் மூடிடுச்சு. நீங்க அப்பத்தான் பெட்டியை மேல வெச்சுக்கிட்டிருந்தீங்க, கவனிச்சிருக்க மாட்டீங்க. இந்த வண்டிக் கண்ணாடி தெறக்காது. வெளிய வழியனுப்ப வந்தவங்க எல்லாரும் வாயசைச்சுக்கிட்டு நிக்காங்க, உள்ள ஒருத்தருக்கும் ஒண்ணும் கேக்கலை. காதுல கையை வெச்சு, போன் பண்ணு போன் பண்ணுன்னு காட்டிக்கிட்டு இருக்காங்க.

மாப்ளைக்கு மட்டும்தான் அந்தக் கண்ணாடி இல்லை. அவர் பாட்டுக்குப் பேசினார். அவசரமே படலை. நிதானமா, என் முகத்தையே பாத்துக்கிட்டு, நெறையப் பேசினார். நடுவுல ஒரு தடவை கண்ணைத் துடைச்சுக்கிட்டு மறுபடியும் பேசினார். கையெட்டுற தூரம்மா. நடுவுல போன் இல்லை, டவர் இல்லை. காலை வெயில் அவர் கை மேலதான் அடிச்சுது. நகத்துல இருந்த அச்சு மையைக்கூட நான் பாத்தேன்.

பேசி முடிச்சிட்டு, கேள்வி கேட்ட மாதிரி புருவத்தைத் தூக்கி நின்னார்.

எனக்கு எப்பவும் போலத் தலை ஆடப் பாத்துது. பிடிச்சு நிறுத்திட்டேன். புரியலைன்னு சொல்லிடுவோம், இந்த ஒரு தடவை சொல்லிடுவோம்னு ரெண்டு கையையும் தூக்கினேன். தூக்கின கை அப்படியே நின்னுபோச்சு. புரியலைங்கிறதுக்கு எப்படிக் காட்டணும்?

வண்டி நகந்துடுச்சு. அவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தார், என் கையையே பாத்துக்கிட்டு.